மணி அடித்தால்தான் இசபெல் பேசுவாள்

இன்று ஷிஜி டீச்சரைப் பார்த்தேன்! திரும்பி வரும் பஸ்ஸிலேயே இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நர்ஸ்களுக்காக அவர் நடத்தும் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் அக்காவைச் சேர்க்கத்தான் முட்டம் பக்கம் போனேன். மாடியில் ஒரே அறை. வளைகுடாவுக்குப் போகவிருக்கும் நர்ஸ்கள் பத்துப் பேர் ஒரு பக்கம். இன்னொரு மூலையில் எட்டு வயதுப் பெண் ஒருத்தி, கண்ணை மறைத்துப் பெரிய கறுப்புப் பெட்டியை மாட்டிக்கொண்டு, வெறும் சுவரைப் பார்த்து "குட் மார்னிங் மேடம்" என்றாள்.

"வி.ஆர். கண்ணாடி. அதுக்குள்ள ஒரு ஸ்கூல் இருக்கு. அவளுக்கு மட்டுந்தான் தெரியும்," என்றார் ஷிஜி.

அந்தப் பெண் இசபெல். ஆட்டிசம் உள்ள பிள்ளை. முதலில் இங்கே வந்தபோது, புது அறை, புது முகம் என்றால் வாயே திறக்காது. அம்மா பிரிஜா இந்த வகுப்புக்கு வரும்போது, விட்டுவர இடமில்லாமல் கூடவே கூட்டி வந்திருக்கிறார். அதற்குள் இரண்டு பள்ளிகள் "பிள்ளை பேசமாட்டேங்குதே" என்று திருப்பி அனுப்பியிருந்தன. மிச்சம் இருந்தது இசபெலின் தம்பி டிஜோ படிக்கும் இங்கிலீஷ் மீடியம் பள்ளி. ஹெட்மிஸ்ட்ரஸ் கேட்கும் இரண்டு கேள்விக்குப் பதில் சொன்னால் போதும். அதுவும் இல்லையென்றால் தூரத்து ஹாஸ்டல்தான்.

"ஹாஸ்டல்ல விட்டா எனக்க மோளுக்கு ஃபேன் போட்டுக் குடுக்க ஆரு இருக்கா டீச்சரே?" என்று பிரிஜா அழுதிருக்கிறார். இசபெலுக்கு ஃபேன் என்றால் உயிர்.

ஷிஜிக்கு அப்போதுதான் அலமாரியில் கிடந்த வி.ஆர். கண்ணாடி ஞாபகம் வந்தது. அதில் முன்னாலேயே பார்த்துப் பழகிவிட்டால் புது அறை புதிதாக இருக்காதே! அவருடைய தம்பி லிபின் துபாயிலிருந்து கேம் விளையாட வாங்கி அனுப்பியது. அதில் ரெடிமேடாக வந்த ஏர்போர்ட், ஹோட்டல் காட்சிகள் எல்லாவற்றையும் போட்டுக் காட்டினார். இசபெல் அண்ணாந்து கூரையை மட்டும் பார்த்தாள். சரி, நாமே எடுப்போம் என்று கல்யாண வீடியோ எடுக்கும் யூஜினைப் பிடித்து, நாலாபக்கமும் பதிவாகும் கேமராவைக் கொண்டுவரச் செய்தார். வகுப்பறையே ஹெட்மிஸ்ட்ரஸ் அறையானது. ஹெட்மிஸ்ட்ரஸ் யார்? ஷிஜியின் சித்தி செசிலி! மீன் விற்பவர். பட்டுச்சேலை, இரவல் மூக்குக்கண்ணாடி, தமிழ் எழுத்தில் எழுதிய இங்கிலீஷ் வசனம்.

"வாட் இஸ் யுவர் நேம்?" என்று செசிலி கேட்டார். பதிலுக்கு இடம் விட வேண்டும். சரியாக அந்த நேரம் மாதா கோயிலில் பன்னிரண்டு மணி அடித்தது. செசிலி எழுந்தார், நெற்றியைத் தொட்டுச் சிலுவை போட்டார், கோயில் மணிக்குச் சொல்லும் மூவேளை ஜெபத்தை முழுசாகச் சொன்னார். யூஜினும் சொன்னார். ஷிஜியும் சொன்னார். முடிந்ததும் செசிலி உட்கார்ந்து, கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "வாட் டு யூ லைக்?" என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

"சித்தி, இன்னொரு மட்டம் எடுப்பமா?"

"போடி! எனக்க மீனு ஐஸு இல்லாம கெடக்கு. நீ வந்து விப்பியா?"

மணி கேட்டால் எழுந்து நிற்பது அந்த ஊரில் மூச்சு விடுவது மாதிரி. யாருக்கும் அது வீடியோவில் ஒரு குறையாகவே தோன்றவில்லை.

தினமும் பத்து நிமிடம். கண்ணாடியின் பட்டை நெற்றியில் அழுத்துகிறது என்று முதலில் பிடுங்கி எறிந்தவள், அம்மாவின் கைக்குட்டையை அடியில் வைத்ததும் ஒத்துக்கொண்டாள். மூன்றாவது வாரம் முணுமுணுப்பு. ஐந்தாவது வாரம் தெளிவாக, "மை நேம் இஸ் இசபெல். ஐ லைக் ஃபேன்." நர்ஸ்கள் எல்லாரும் கைதட்டப் போய், ஷிஜி கண்ணாலேயே அடக்கினாராம்.

பள்ளிக்குப் போன நாள். காலை பத்தேகால். நிஜ ஹெட்மிஸ்ட்ரஸ் அன்பாகத்தான் கேட்டார், "வாட் இஸ் யுவர் நேம்?"

இசபெல் ஜன்னலைப் பார்த்தாள். இரண்டாம் முறை கேட்டார். மூன்றாம் முறை. பிறகு ஃபைலை மெல்ல மூடினார். பிரிஜாவின் முகம் செத்துவிட்டது.

வாசலில் நின்ற ஷிஜி அப்போதுதான் கவனித்தார். பிள்ளையின் வலது கை நெற்றிக்குப் பக்கத்தில் தயாராக நிற்கிறது! அவள் பயப்படவில்லை. மணிக்காகக் காத்திருக்கிறாள்.

"என்ன செய்யியதுன்னு யோசிக்கவே இல்ல கேட்டியளா," என்றார் ஷிஜி. வராந்தாவில் தொங்கிய பள்ளி மணியை ஓடிப்போய் ஓங்கி அடித்துவிட்டார். இன்டர்வெல் என்று நினைத்து மொத்தப் பள்ளியும் வெளியே பாய்ந்தது. பியூன் சுத்தியலைப் பிடுங்க, ஷிஜி விடாமல் இழுக்க, ஒரே கூத்து.

உள்ளே இசபெல் எழுந்து சிலுவை போட்டாள். செசிலியின் அதே ராகத்தில் ஜெபம் முழுவதும். உட்கார்ந்தாள். "மை நேம் இஸ் இசபெல்."

ஹெட்மிஸ்ட்ரஸுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் ஃபைலைத் திறந்தார். "வாட் டு யூ லைக்?"

"ஐ லைக் ஃபேன்."

அவர் சிரித்துவிட்டு, வீடியோவில் இல்லாத ஒன்றைக் கேட்டார். தன் தலைக்கு மேலே காட்டி, "டூ யூ லைக் மை ஃபேன்?"

பிரிஜா கண்ணை மூடிக்கொண்டார். இசபெல் நிதானமாக அண்ணாந்து பார்த்தாள்.

"நோ. டர்ட்டி."

யாரும் சொல்லிக்கொடுக்காத பதில்! இதை ஷிஜி சொன்னபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அக்கா என்னைப் பார்த்து, "ஏலே, நீயா அழுத?" என்று கேலி செய்தாள். அன்றைக்கே இசபெலைச் சேர்த்துக்கொண்டார்கள். ஃபேனையும் துடைத்துவிட்டார்கள். இப்போது இசபெலும் டிஜோவும் ஒரே ஆட்டோவில் பள்ளிக்குப் போகிறார்கள்.

இப்போது இன்னும் நான்கு பிள்ளைகள் வருகிறார்கள். ஒரே செசிலி, ஒரே சேலை என்றால் மறுபடியும் மணிக்குக் காத்திருப்பார்கள். அதனால் விதவிதமான முகமும் குரலும் ஷிஜிக்கு வேண்டும். மீசைக்காரர், வேகமாகப் பேசுகிறவர், நடுவில் தும்முகிறவர், யாரானாலும் சரி. இங்கிலீஷ் சுமாராக இருந்தாலும் போதும். நான் இன்று கேமரா முன்னால் உட்கார்ந்து அந்தக் கேள்விகளைக் கேட்டுவிட்டு வந்தேன், நாக்கு குழறியது. அதையும் அப்படியே வைத்துக்கொண்டார்.

முட்டம் பக்கம் போனால் சனிக்கிழமை ஒரு அரைமணி நேரம் மாடியேறிப் போய் அந்த ஹெட்மிஸ்ட்ரஸ் நாற்காலியில் உட்காருங்கள். போக முடியாதவர்கள், போகக்கூடிய ஒருவருக்கு இதை அனுப்பிவிடுங்கள்.

பன்னிரண்டு மணிக்கு மட்டும் வேண்டாம்!