நாரைக்கு எந்தத் தெரு

திருவாரூர் சாலையில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து தினமும் தஞ்சாவூருக்கு வேலைக்குப் போய்வருகிறேன். வீடு திரும்பிக் காபி குடித்ததும் போனில் துப்பாக்கி விளையாட்டு. "நாப்பது வயசுல துப்பாக்கியத் தூக்கிக்கிட்டு எந்தச் சண்டைக்குப் போறீங்க?" என்பாள் மனைவி. பதில் சொல்ல நேரம் இருக்காது. ஹெட்போனில் மூன்று பேர் காத்திருப்பார்கள்.

நாங்கள் நால்வர் ஓர் அணி. மற்ற மூவருக்கும் ஆளுக்கொரு ராஜா பெயர். எங்கள் பக்கத்திலிருந்து விளையாட வருகிறவர்களில் பாதிப் பேர் ராஜாதான். நான் நாரை என்று வைத்துக்கொண்டேன். ஒரே இடத்தில் அசையாமல் நின்று, ஆள் வரும்வரை காத்திருந்து சுடுவேன், அதனால். யாரும் யார் முகத்தையும் பார்த்ததில்லை. இருந்தாலும் "நாரை அண்ணே, நீங்க மாடிக்குப் போங்க, நாங்க பின்னாடி வரோம்" என்று அவர்கள் சொல்லும்போது மனசு குளிர்ந்துவிடும். அலுவலகத்தில் என்னை நம்பி யாரும் பின்னால் வந்ததில்லை.

பஸ்ஸில் போகும்போது வரப்பையும் போர்செட்டையும் பார்த்தால்கூட எங்கே மறைந்து நிற்கலாம் என்றுதான் யோசனை ஓடும். விளையாட்டில் இருக்கிற ஊர்களில் எந்த வீட்டுக்குள்ளும் நுழையலாம். கதவைத் திறந்தால் போதும்.

மழைக்காலம் தொடங்கியதும் வீட்டு வைஃபையில் நெட் சுற்ற ஆரம்பித்தது. சண்டை நடுவில் நான் உறைந்து நிற்பேன். "நாரை தூங்குது" என்று கிண்டல் செய்தார்கள். இப்படியே போனால் என்னைக் கழற்றிவிட்டு வேறு ஆளைச் சேர்த்துக்கொள்வார்கள் என்று பயந்தேன்.

ஒருநாள் மூவரில் ஒருவர், தனக்குத் திருவாரூர் என்று முன்பே சொல்லியிருந்தவர், "உங்களுக்கு எந்த ஊருங்க?" என்று கேட்டார். சொன்னேன்.

"ஊர்ல எந்தத் தெரு?"

எங்கள் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வி தெரியும். ஊரைக் கேட்பது பேச்சுக்கு. தெருவைக் கேட்பது சாதிக்கு. என் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். நான் படித்து, வேலைக்குப் போய், அதே தெருவில் மாடி வீடும் கட்டியாயிற்று. தெருப் பெயர் அப்படியேதான் இருக்கிறது. டீக்கடையிலும் கல்யாண வீட்டிலும் கேட்டவர்களுக்கெல்லாம் நேராகவே சொல்லியிருக்கிறேன். ஆனால் நாரைக்குத் தெரு கிடையாது. இங்கேயும் வந்துவிட்டார்களா என்று கோபம் வந்தது.

"மேலத்தெரு" என்றேன்.

"சரிங்க" என்று விட்டுவிட்டார்.

அடுத்த வாரம் அவரே பேச்சை எடுத்தார். "உங்க ஊருக்கு வந்திருந்தேங்க. நமக்கு நெட் கேபிள் வேலைதான், உங்க பக்கமும் நம்ம லைன்தான். மேலத்தெரு பூராப் பாத்துட்டேன், ஒரு கோளாறும் இல்ல. நாரை வீடு எதுன்னு கேட்டா எல்லாரும் ஒரு மாதிரி பாக்குறாங்க."

மற்ற இருவரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மனுஷர் கேட்டது ஒயருக்காக. இப்போது உண்மையைச் சொன்னால் நாரையும் அந்தத் தெருக்காரன் ஆகிவிடும். சொல்லாவிட்டால் லைன் சரியாகாது, நாரையே இருக்காது.

"மேலத்தெரு இல்லீங்க" என்றேன். "வாய்க்காலைத் தாண்டி, காலனித் தெரு."

ஹெட்போனில் சத்தமே இல்லை. நெட் மறுபடி சுற்றுகிறதோ என்று திரையைப் பார்த்தேன். எல்லோரும் அசைந்துகொண்டுதான் இருந்தார்கள்.

"நாளைக்குக் காலையில வரேங்க" என்றார் திருவாரூர்க்காரர். பிறகு அவரே, "எனக்கும் திருவாரூர் இல்லீங்க. பக்கத்துல ஒரு ஊரு. யாராச்சும் கேட்டா திருவாரூர்னு சொல்லி நிறுத்திக்குவேன்" என்றார்.

எந்தத் தெரு என்று நான் கேட்கவில்லை.