பேட்டரி வேண்டாம் என்று சொன்னவன் நான்தான்

ஏரியா ஏரியாவாகக் கரண்டை நிறுத்தும் இந்த ரோலிங் பிளாக்அவுட் தொல்லையால் நண்பன் குமார் சான் ஹோசே வீட்டுக் கூரையில் சோலார் போடுகிறான். இன்று சேல்ஸ்மேன் வந்தார். எலெக்ட்ரிகல் படித்தவன் என்று என்னையும் கூப்பிட்டிருந்தான்.

"பேட்டரி எதுக்குடா? நாலஞ்சு வருஷத்துல செத்துடும். பேனல் மட்டும் போடு" என்றேன். குமார் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்துவிட்டான்.

அவன் மனைவி வசந்தி வீட்டிலேயே டேகேர் நடத்துகிறார். இடுப்பில் ஒரு குழந்தையோடு வந்து, சேல்ஸ்மேனிடம் ஆங்கிலத்தில் ஒன்றே ஒன்று கேட்டார். கரண்ட் போனால் ஃபேன் ஓடுமா?

ஓடாது என்றார் அவர். பேட்டரி இல்லாவிட்டால், லைன் போனதும் பேனலும் நின்றுவிடும். பேனல் கரண்ட் வெளியே பாய்ந்து, லைனில் வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு.

எனக்குத் தெரிந்த விஷயம்தான். யோசிக்கவில்லை.

"ஏங்க, குழந்தைங்க தூங்கற நேரம் பார்த்துத்தான் கரண்ட் போகுது. அதுக்குத்தானே போடறோம்? அதே காசுல பேனலைப் பாதியாக் குறைச்சுட்டு பேட்டரி வைக்கச் சொல்லுங்க" என்றார் வசந்தி. பிறகு என்னிடம், "நீங்க காபி குடிங்க, ஆறிடும்."

அப்படியே கையெழுத்தானது. இவ்வளவு சுத்தமான டிசைன் ரிவ்யூவை நான் ஆபீஸில் பார்த்ததில்லை.

இந்தக் குழுவில் இருக்கும் மற்ற எலெக்ட்ரிகல் மேதைகளே, உங்கள் வீட்டில் இந்த மாதிரிக் கேள்வியைக் கேட்டது யார்? உண்மையைச் சொல்லுங்கள்.