ஆள் உள்ளே இருக்கிறார்

அந்தக் கட்டடம் முழுக்க அவருக்கு ஒரே பெயர்தான்: பூட்டினேனா. வேலைக்குக் கிளம்பிப் பாதிப் படி இறங்கியதும் நின்றுவிடுவார். "பூட்டினேனா?" என்று தலையைச் சொறிந்தபடி திரும்ப ஏறுவார். மனைவி உள்ளே இருக்கும் நாளிலும் இதே பாடுதான். பிழைப்பு லிஃப்ட் பழுதுபார்ப்பது. ஊரையே ஏற்றி இறக்குகிற மனுஷனுக்கு, சொந்த வீட்டுப் படியை இறங்குவதற்குள் நெஞ்சு வாய்க்கு வந்துவிடும்.

ரத்தக் கொதிப்பு பார்த்த டாக்டர், "மீன் வளருங்க, மனசு லேசாகும்" என்றாரே, அதுதான் வினை. வண்ண மீனாக வாங்கியிருந்தால் கண்ணெதிரே நீந்தியிருக்கும். இவர் வாங்கியது ஐந்து அயிரை. விரல் நீளம், மண் நிறம், வாயோரம் மீசை. விட்ட வேகத்தில் மணலுக்குள் புதைந்துகொள்ளும். செத்ததுபோல ஒருக்களித்துக் கிடக்கும். திடீரென்று மேலே பாய்ந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டு இறங்கும். நிம்மதிக்கென்று வந்த மீன் இருந்த நிம்மதியையும் தின்றது.

"சட்டியில போடுறதைத் தொட்டியில போட்டுட்டு, அதுக்குக் காவல் வேறயா?" என்பாள் மனைவி. வீட்டிலேயே மிஷின் போட்டுப் பள்ளிச் சீருடை தைப்பவள். வாய்தான் அப்படிச் சொல்லும். தீனி போடும் நேரம் தவறினால் அவளுக்குத்தான் கால் தரிக்காது.

அன்று காலை தீனிக்கு நான்குதான் வந்தன. ஐந்தாவதைக் காணோம். தண்ணீரைச் சுத்தம் செய்யும் ஃபில்டர் இரைச்சல் போடுகிறதென்று இரவில் அணைத்து வைப்பது வழக்கம். அதைப் போடச் சுவிட்சில் விரலை வைத்தபோதுதான் பார்த்தார்: உறிஞ்சுகுழாயின் வலைமூடி கழன்று மணலில் கிடந்தது. சூடுபட்டதுபோல விரலை இழுத்துக்கொண்டார்.

"உள்ள பூந்திருக்கு. மோட்டார் ஓடுச்சுன்னா கூழுதான்."

"மணலுக்குள்ள இருக்குங்க. என்னிக்கு அது உங்க கண்ணுல பட்டிருக்கு?"

கழற்றிப் பார்க்க நேரமில்லை. எங்கோ ஒரு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டதென்று போன் மேல் போன். அவசரத்தில் இழுத்தால் மீன் நசுங்கிவிடும். பையிலிருந்து ஒரு சிவப்பு அட்டையை எடுத்துச் சுவிட்சில் மாட்டினார்.

லிஃப்ட் குழிக்குள் இறங்குவதற்கு முன் மெயின் சுவிட்சை அணைத்து அந்த அட்டையைத் தொங்கவிடுவார்கள். 'ஆள் உள்ளே இருக்கிறார். போடாதே' என்று எழுதியிருக்கும். மாட்டிய கைதான் கழற்ற வேண்டும். முதலாளியே வந்தாலும் தொடக் கூடாது.

"இருக்கிறாராமே! அவருக்குக் காபி ஏதும் போடணுமா?"

"சிரிக்காத. நான் வர்ற வரைக்கும் தொடாத."

வேலையிடத்தில் மேல்தளத்து மோட்டார் அறைக்குப் போய் மெயினை அணைத்தார். பைக்குள் கையை விட்டார். வியர்த்துவிட்டது.

"என்னண்ணே, பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க?" என்றார் கூட்டாளி.

"அட்டை வீட்ல மாட்டிக் கிடக்கு."

"வீட்ல யாரு உள்ள?"

"அயிரை."

கூட்டாளி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சரி, நானே அட்டையா நிக்கறேன். இறங்குங்க."

"கொசு கடிச்சா?"

"கடிக்கட்டும்."

"உன் வீட்டுக்காரி கூப்பிட்டா?"

"எடுக்க மாட்டேன். சாயங்காலம் நீங்க வந்து சமாதானம் சொல்லுங்க."

மனமில்லாமல்தான் கீழே போய்க் குழிக்குள் இறங்கினார். தலைக்கு மேலே லிஃப்ட் கூண்டு கரும்பாறைபோலத் தொங்கியது. ஒவ்வொரு திருகு திருகும்போதும் அண்ணாந்து பார்த்தார். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. மனைவி.

"என்னங்க, மத்த நாலும் மேல வந்து வந்து வாயைத் திறக்குது. மூச்சு முட்டுதோ என்னவோ. சுவிட்சைப் போட்டுடவா?"

"போடாத!"

அவர் போட்ட கூச்சல் குழி முழுக்க எதிரொலித்து ஏறியது. மேலிருந்து கூட்டாளியின் குரல் நடுங்கி இறங்கியது: "சத்தியமா நான் தொடவே இல்லண்ணே!"

"உன்னைச் சொல்லலப்பா!" என்று மேலே கத்திவிட்டு மனைவியிடம் சொன்னார்: "குவளையில மொண்டு உயரத்துல இருந்து ஊத்து. காத்து கலக்கும். ஊத்திக்கிட்டே இரு."

வேலை முடிந்து மேலே போனால், கூட்டாளி சுவிட்சுக்கு முதுகு கொடுத்து, கைகளை விரித்தபடி நின்றுகொண்டிருந்தார். நெற்றியில் கொசு கடித்த தடிப்பு.

வீட்டில் மிஷினில் ஒரு சட்டை பாதித் தையலில் கிடந்தது. மனைவி முழங்கை வரை நனைந்து, இன்னும் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தாள். அவர் ஃபில்டரைப் பூப்போல எடுத்து ஒரு தட்டில் வைத்து மூடியைத் திறந்தார். மோட்டார் விசிறியை ஒட்டிச் சுருண்டிருந்த ஒன்று துள்ளித் தட்டில் விழுந்தது. மீசை முதற்கொண்டு முழுசாக இருந்தது.

வாழ்நாளில் அவர் பயந்தபடியே இருந்தது அதுதான் முதல் தடவை. 'பாத்தியா' என்று குதிக்க வேண்டிய மனுஷன், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மனைவி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அட்டை இல்லேன்னா போட்டிருப்பேங்க," என்றாள் மெதுவாக.

தையல் நூலால் வலைமூடியை இறுக்கிக் கட்டினார். ஐந்தாவதைத் தொட்டியில் விட்டார். அது நன்றி கின்றி எதுவும் சொல்லாமல் மணலுக்குள் போய்விட்டது. அட்டையைத் தன் கையாலேயே கழற்றிவிட்டுச் சுவிட்சைப் போட்டார்.

மறுநாள் தைத்த துணியைக் கொடுக்க அவளும் கூடவே கிளம்பினாள். பாதிப் படியில் அவர் நின்றார்.

"பூட்டினேனா?"

வழக்கமாக வரும் திட்டு வரவில்லை. "நில்லுங்க, நான் பாத்துட்டு வரேன்" என்று துணிமூட்டையை அவர் கையில் திணித்துவிட்டு ஏறினாள். மேலிருந்து குரல் வந்தது.

"பூட்டித்தான் இருக்கு! அட்டையை எடுத்தீங்களா?"

அவர் மூட்டையைக் கீழே வைத்துவிட்டுப் பையைத் திறந்து பார்த்தார்.