பௌர்ணமி நாளில் நிற்காமல் அடித்த ஹோர்ன்

என் இரண்டாவது பிள்ளை, ஆண் பிள்ளை, பிறந்த மாதமே எங்களை விட்டுப் போய்விட்டான். எங்கள் லயத்து வீடுகளுக்கு மேலே, தேயிலை மலை ஓரத்தில் அவனை அடக்கம் பண்ணினோம். சபையார் நீங்கள் வந்து பாடினீர்கள், ஜெபித்தீர்கள், சோறு ஆக்கிப் போட்டீர்கள். எனக்கு எதுவும் உறைக்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் நான் முழங்கால் போடவில்லை. ஆராதனைக்கு வந்தேன், பாட்டுக்கு வாய் அசைத்தேன், அவ்வளவுதான். ஆண்டவரோடு எனக்குப் பேச்சில்லை. வீட்டிலும் பேச்சில்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அது எப்பேர்ப்பட்ட துக்கம் என்று என்னைத் தெரிந்த உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

என் வீட்டுக்காரர் அப்போது தோட்டத்து லொரி டிரைவர். சாமுவேல் என்று பெயர் இருந்தாலும் சபைப் பக்கம் வராத மனிதர். பெரியவள் ஜெயாவுக்கு ஆறு வயது. ஞாயிற்றுக்கிழமைக்குப் பதிலாகப் பௌத்தர்களின் போயா நாளுக்கு லீவு விட்ட காலம் அது, நம் ஆராதனையும் அன்றைக்குத்தான். தை மாசப் பௌர்ணமி வருவதற்கு முன்னால் ஒரு நாள் அவர் சொன்னார்.

"போயா லீவுல கடல் பாக்கப் போவமா புள்ள?"

"லயத்துப் பீலிக் குழாயில வராத தண்ணியா அங்க வரப்போவுது?" என்றேன். ரொம்ப நாளைக்குப் பிறகு நான் பேசிய நீளமான பேச்சு அதுதான். அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டார் மனிதர்.

கார் பிடிக்க எங்களுக்கு வழியில்லை. றக்வான டவுனில் சைக்கிள் கடை வைத்திருந்த முஸ்லிம் நானாவிடம் ஒரு பழைய ஸ்கூட்டர் வாடகைக்கு இருந்தது. வேறு யாரும் கேட்காததால் மலிவு. ஏன் கேட்பதில்லை என்பதை அவரே சொன்னார்.

"ஹோர்ன் மட்டும் சொன்ன பேச்சு கேக்காது தம்பி. மத்தபடி வண்டி தங்கம்."

நம் மலை ரோட்டில் வளைவுக்கு வளைவு ஹோர்ன் அடிக்காமல் போக முடியாதே. அதற்காக நானா ஒரு பழைய காரின் ஹோர்னையும் பேட்டரியையும் அதில் மாட்டி வைத்திருந்தார். சத்தம் பஸ்ஸையே ஒதுங்க வைக்கும். ஆனால் சில சமயம் பொத்தான் சிக்கிக்கொள்ளும். வண்டியின் பக்கவாட்டில் ஓங்கி ஓர் அடி கொடுத்தால்தான் அடங்கும்.

விடியும் முன்னே கிளம்பினோம். ஜெயா முன்னால் நின்றாள், நான் பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்தேன். மடியில் ரொட்டியும் சம்பலும், போத்தலில் பிளேன்டீ. காசு மிச்சம் பிடிக்க, சாப்பாட்டுக் கடைப்பக்கம் தலை காட்டக்கூடாது என்பது எங்கள் ஒப்பந்தம். எம்பிலிப்பிட்டிய தாண்டி ஒரு பன்சலை, அதுதான் புத்த கோயில், அதன் வாசலில் வெள்ளை உடுத்து சில் விரதம் எடுத்த சனம் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தபோது பார்த்து ஹோர்ன் சிக்கிக்கொண்டது. அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு மானம் போயிற்று. "இந்தச் சனியன கழட்டி வீசுங்க" என்றேன்.

முதல் கடற்கரையில் அலை ஆள் உயரம். ஜெயா அழுதாள், நானும் இறங்கவில்லை. அடுத்தது ஆறு கடலில் விழுகிற இடம். மணல் அடுப்புச் சட்டி மாதிரி சுட்டது, நிற்க முடியவில்லை. தங்காலைப் பக்கம் மூன்றாவதாக ஒரு சின்னக் கடற்கரை கிடைத்தது. அலை இல்லை, ஆளும் இல்லை. போயா நாள் என்று மீன்காரர்கள் வள்ளங்களைக் கரையில் இழுத்து வைத்துவிட்டு பன்சலைக்குப் போயிருந்தார்கள். கரைக்கு எதிரே தட்டையாக ஒரு பாறை. லயத்துக் காம்பரா அறை அகலம் இருக்கும். இடையில் முழங்கால் தண்ணீர்தான்.

இனி நாங்கள் பண்ணிய மடத்தனத்தைக் கேளுங்கள். மலைக்காரர்கள் ஓடையைக் கடக்கும்போது என்ன செய்வோம்? மேலே மலை உச்சியைப் பார்ப்போம். அங்கே கறுத்திருந்தால் கடக்க மாட்டோம், வெளுத்திருந்தால் பயமில்லை. என் வீட்டுக்காரரும் அதையேதான் செய்தார். எங்கள் மலை இருக்கிற வடக்கே பார்த்தார், வானத்தைப் பார்த்தார்.

"ஒரு பொட்டு மேகம் இல்ல. தண்ணி ஏறாது, வா" என்றார்.

நானும் நம்பினேன். மழை இல்லாமல் தண்ணீர் ஏறும் என்று எங்களுக்கு யார் சொல்லித் தந்தார்கள்? பௌர்ணமியில் கடல் பொங்கும் என்பதெல்லாம் கரையில் பிறந்தவர்களுக்குத் தெரிந்த சங்கதி.

பாறையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். ஜெயா சிப்பி பொறுக்கினாள். "தம்பி இருந்திருந்தா அவனுக்கும் குடுத்திருப்பேன்" என்று ஒரு சிப்பியைத் தனியாக எடுத்து வைத்தாள். நான் அந்தப் பக்கம் திரும்பிக் கடலையே பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கால் நனைந்தபோதுதான் நினைவு வந்தது.

நாங்கள் நடந்து வந்த வழியைக் காணவில்லை. அவர் இறங்கிப் பார்த்தார். நெஞ்சளவு. இரண்டடி வைப்பதற்குள் நீரோட்டம் காலை வாரியது. பாறையைப் பிடித்துக்கொண்டு முழங்கால் இரத்தமாக ஏறி வந்தார். எங்களில் யாருக்கும் நீச்சல் தெரியாது.

"மழையே பேயலியே" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

பிறகு ஒவ்வோர் அலையும் பாறையின் மேலேயே ஏறி ஓடியது. ஜெயாவை அவர் தோளில் ஏற்றிக்கொண்டார். நான் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். தொண்டை கிழியக் கத்தினோம். காற்று எங்கள் சத்தத்தைக் கடலுக்குத்தான் கொண்டுபோனது.

அப்போது ஜெபித்தேன். அழகான ஜெபம் இல்லை சபையாரே. "ஒரு புள்ளய எடுத்துக்கிட்டீங்க. நான் கேள்வி கேக்கல, பேசாம இருந்தேன். இவளையும் கேட்டீங்கன்னா நான் குடுக்க மாட்டேன். வந்து காப்பாத்துங்க" என்றேன். சண்டை போடுகிற மாதிரித்தான் கேட்டேன். ஒரு வருஷம் அடைத்திருந்த வாய் அப்படித்தான் திறந்தது.

கரையில் அலை ஸ்கூட்டர் நின்ற இடம் வரைக்கும் வந்துவிட்டது. ஸ்டாண்டுக்குக் கீழே மணலை அரித்தது. எங்கள் கண் முன்னாலேயே வண்டி சாய்ந்து விழுந்தது. விழுந்த மறுகணம் ஹோர்ன் அடிக்க ஆரம்பித்தது.

நிற்கவே இல்லை. வண்டியின் பக்கவாட்டில் ஓர் அடி கொடுக்க அங்கே யார் இருக்கிறார்கள்? காலையில் நான் கழற்றி வீசச் சொன்ன அந்தச் சனியன் ஊரையே எழுப்புகிற மாதிரி அலறியது.

தென்னை மரங்களுக்கு இடையிலிருந்து வெள்ளை உடுப்பில் ஒருவர் ஓடி வந்தார். ஆண்டவர் தூதனை அனுப்பிவிட்டார் என்றே நினைத்தேன். தூதன் கையை ஆட்டி ஆட்டி ஸ்கூட்டரைத் திட்டிக்கொண்டு வந்தார். அப்புறம் கடலைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். திட்டு அப்படியே நின்றது.

தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை மணலில் வீசினார், சாரத்தை மடித்துக் கட்டினார், பின்னால் வந்தவரையும் கூட்டிக்கொண்டு வள்ளத்தைத் தள்ளினார். முதலில் ஜெயாவை வாங்கினார்கள், பிறகு என்னை. என் வீட்டுக்காரர் கடைசியாக ஏறும்போது பாறையில் அவருடைய இடுப்பளவு தண்ணீர் ஓடியது.

கரை சேர்ந்தும் ஹோர்ன் அடித்துக்கொண்டே இருந்தது. என் வீட்டுக்காரர் போய் வயரைப் பிடுங்கினார். அந்த அமைதியில்தான் நான் அழுதேன். என் மகனுக்காகவும் அன்றைக்குத்தான் அழுது தீர்த்தேன்.

என் வீட்டுக்காரர் அந்த மீன்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, போயா அன்னிக்கு ஒங்கள வள்ளம் எறக்க வச்சிட்டோமே" என்று சிங்களத்தில் சொன்னார். மீன்காரர் வெட்கப்பட்டார். "சில் எடுத்த அன்னிக்கு கோபமே படக்கூடாது. பன்சலையில பன பிரசங்கம் கேக்க விடாம எவன் ஹோர்ன் அடிக்கிறான்னு ஒதைக்கத்தான் வந்தேன். கோபம் வராம இருந்திருந்தா அங்கேயே உக்காந்திருப்பேன்" என்றார். அவருடைய வீட்டில் எங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தார்கள். வண்டியை நல்ல தண்ணீரில் கழுவி ஸ்டார்ட் பண்ணிக் கொடுத்தார்கள்.

நானாவிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னோம். "உசுரோட வந்தீங்களே, அல்ஹம்துலில்லாஹ்" என்றார். வயரை மாட்டிக்கொண்டே, இந்த முறை ஹோர்னையும் சரி பண்ணிவிடுகிறேன் என்றார். "வேணாம் நானா, அது அப்புடியே இருக்கட்டும்" என்றார் என் வீட்டுக்காரர்.

அடுத்த போயாவில் அவர் எனக்கு முன்னாலேயே சட்டை மாட்டிக்கொண்டு ஆராதனைக்குக் கிளம்பி நின்றார். இன்றைக்கும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார், பாருங்கள், தலையைக் குனிந்துகொள்கிறார். ஜெயா தனியாக எடுத்து வைத்த சிப்பியை அவளே கொண்டுபோய்த் தம்பியின் மண்ணில் வைத்தாள். நான் பழையபடி வாயாடி ஆகிவிட்டேன். அதற்காக ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், சொல்லாதவர்களும் இருக்கிறார்கள்.

இங்கே யாராவது என்னைப் போல வாய் அடைத்து உட்கார்ந்திருந்தால் உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். என் மகன் ஏன் போனான் என்று எனக்கு இன்னும் தெரியாது, அதற்கு என்னிடம் பதிலைத் தேடாதீர்கள். ஆனால் நான் சண்டை போட்டபோதும் ஆண்டவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அழுதுகொண்டு கேளுங்கள், கோபமாகக் கேளுங்கள். அவரிடம் பேசாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.