கல்யாண வீட்டில் பிரித்த பார்சல்

போன புதன்கிழமை மத்தியானம், கொடிகாமத்தில் ஒரு கல்யாண வீட்டு விறாந்தையில் வைத்து ஒரு பார்சலைப் பிரித்தேன். உள்ளே இருந்திருக்க வேண்டியது கல்யாண அழைப்புக் காட். இருந்தது – கறுப்புக் கரை போட்ட ஒரு செத்த மனிதரின் படம்!

எப்படி நடந்தது இது?

என் பிழைப்பு அச்சகத்தில் என்பது இந்தப் பத்தியை வாசிக்கும் உங்களுக்குத் தெரியும். ஓடர் பிடிப்பது, அடித்ததைக் கொண்டுபோய்க் கொடுப்பது இரண்டும் என் தலையில்தான். அன்றைக்கு என்னிடம் இரண்டு பார்சல். ஒன்று கல்யாணக் காட். மற்றது குருநகரில் காலமான ஒரு கடற்றொழிலாளியின் முப்பத்தோராம் நாள் நினைவு மலர். இப்போதுள்ள பேப்பர் தட்டுப்பாட்டில் இரண்டும் ஒரே கொப்பித் தாள், ஒரே அளவு. சுற்றியதும் பழைய பத்திரிகையில். அடையாளம் எழுதினேனா? இல்லை. பார்த்தால் தெரியும்தானே என்ற தைரியம்!

காலையில் குருநகர். இறந்தவரின் மனைவி றெஜினா அக்கா பார்சலைப் பிரிக்காமலே மேசையில் வைத்தார். “பின்னேரம் பூசை முடியத்தான் தம்பி ஆக்களுக்குக் குடுக்கிறது” என்றார்.

அங்கிருந்து புத்தூர். கோயில் திருவிழா நோட்டீசுக்கு மாதிரி காட்டப் போன இடத்தில், வீட்டுக்காரரின் ஆடு மாதிரியைத் தின்றுவிட்டது. அவரோ அசையவில்லை. “ஆடே விரும்பித் தின்னுது, நல்ல பேப்பர்தான்” என்று ஓடரைத் தந்துவிட்டார். பிறகு, பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் ஓடும் வான். பாதி வழி அது எங்களைச் சுமந்தது, மீதி வழி நாங்கள் அதைத் தள்ளினோம். ஆக, கொடிகாமத்தில் இறங்கும்போது நல்ல சிரிப்போடுதான் இறங்கினேன்.

அந்தச் சிரிப்புத்தான் விறாந்தையில் உறைந்துபோனது.

பெண்ணின் தகப்பன் கனகரத்தினம் அண்ணை, தேங்காய் வியாபாரி. வாயைத் திறந்தவர் மூடவில்லை. அவர் மனைவிதான் முதலில் கத்தினார்.

“ஐயோ! நாள் வைச்ச வீட்டுக்கு என்ன சாமானடா கொண்டந்தனீ?”

மலரை அள்ளிச் சுற்றப் பார்த்தேன். அவசரத்தில் ஒன்று நழுவிப் போய் வாசற்படியில் விழுந்தது. கல்யாணப் பெண் சுகந்தி அதைக் குனிந்து எடுத்தார். படத்தைப் பார்த்தார். முகம் வெளிறிப்போயிற்று.

“அப்பா... இது கப்பல் மாமா எல்லோ?”

கனகரத்தினம் அண்ணை மலரைப் பறித்துப் பார்த்தார். மெல்லக் கதிரையில் அமர்ந்தார். “சூசை” என்றார்.

கதையைச் சொன்னவர் சுகந்திதான். எண்பத்து மூன்று கலவரத்தில் கொழும்பில் கடை எரிந்து, குடும்பத்தோடு கப்பலில் ஊருக்கு வந்தவர்கள். சுகந்திக்கு அப்போது பத்து வயது, அனலாய்க் காய்ச்சல். தாயும் தகப்பனும் கடல் ஒத்துக்கொள்ளாமல் சத்தியெடுத்துச் சுருண்டு கிடந்தார்கள். பக்கத்தில் இருந்த சூசைதாசன், கொழும்புக்கு வேலையாகப் போய் மாட்டுப்பட்டவர், கடலுக்குப் பழகின மனிதர். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, தோளில் கிடந்த சாரத்தை விரித்து வெயிலை மறைத்து, கரை சேரும்வரை தண்ணீர் பருக்கிக்கொண்டே வந்தாராம். காங்கேசன்துறையில் இறங்கும்போது பிள்ளைக்கு நினைவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அத்தோடு சரி.

“பிறகு நீங்கள் அவரைப் பார்க்கவே இல்லையா?” என்று கேட்டேன்.

“போவம் போவம் எண்டுதான் இருந்தன்” என்றார் கனகரத்தினம் அண்ணை, நிலத்தைப் பார்த்தபடி. “முதலிலை கையிலை ஒண்டுமில்லை, வெறுங்கையோடை போக வெக்கம். பிறகு வியாபாரம். பிறகு... இவ்வளவு நாளும் போகாமல் இப்ப என்னெண்டு போறது எண்டு வெக்கம்.”

கொடிகாமத்துக்கும் குருநகருக்கும் எவ்வளவு தூரம்? சைக்கிளிலேயே போய்வரலாம். பதினொரு வருஷம்!

“அப்பா, வெளிக்கிடுங்கோ. நானும் வாறன்” என்றார் சுகந்தி.

“விசரோ உனக்கு?” என்று தாய் குறுக்கே நின்றார். “தாலி ஏறப்போற பிள்ளை செத்தவீட்டுப் படி மிதிக்கிறதோ?”

“அவர் இல்லாட்டி எனக்கு ஏதம்மா தாலி?”

தாய் விலகி வழிவிட்டார்.

யாழ்ப்பாணத்துக்குப் புறப்பட நின்ற தேங்காய் லொறியில் ஏறினோம். சுகந்தி முன் சீற்றில். நானும் கனகரத்தினம் அண்ணையும் பின்னால் தேங்காய்க் குவியலின் மேல். வழிநெடுக அவர் மலரில் இருந்த படத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். எனக்கோ வேறு பயம். அந்த வீட்டில் இந்நேரம் பார்சலைப் பிரித்திருப்பார்களே... துக்க வீட்டில் கல்யாணக் காட்! என்னை உயிரோடு விடுவார்களா?

நான் நினைத்தபடியேதான். படலையிலேயே றெஜினா அக்காவின் மூத்த மகன் மறித்தார். கண்கள் சிவந்திருந்தன.

“என்ன அண்ணை, பகிடியோ விடுறியள்? ஐயா செத்து ஒரு மாசம்...”

“விடு மோனை” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. றெஜினா அக்கா வெளியே வந்தார். என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் நின்ற பெண்ணையே பார்த்தார்.

“நீ சுகந்தியோ?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவருக்கு எப்படித் தெரியும்?

“மத்தியானம் கல்யாணக் காட்டை வாசிச்சன்” என்றார். “கொடிகாமம் கனகரத்தினத்தின்ரை மகள் சுகந்தி எண்டு கிடந்தது. இந்தப் பேரை மனுசன் எத்தினை தரம் சொல்லியிருப்பார்! அந்தப் பிள்ளை பிழைச்சுதோ, பிழைச்சுதோ எண்டு... கொடிகாமம் போய் விசாரிச்சிட்டு வாங்கோவன் எண்டால், மாட்டாராம். செத்துப்போச்சு எண்டு சொல்லிப்போட்டால் என்ன செய்யிறது எண்டு பயம்.”

ஒருவருக்கு வெட்கம், மற்றவருக்குப் பயம். நடுவில், உயிரோடு வளர்ந்து நின்ற ஒரு பெண்.

கனகரத்தினம் அண்ணை முற்றத்திலேயே குந்திவிட்டார். அவ்வளவு பெரிய மனிதர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. “ஒருக்கா வந்து சொல்லியிருக்கலாம் அக்கா... ஒருக்கா...”

றெஜினா அக்கா அவரைத் தேற்றவுமில்லை, குற்றம் சொல்லவுமில்லை. சுகந்தியின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். நானும் பின்னால் எட்டிப் பார்த்தேன். சூசைதாசனின் படத்துக்கு முன்னால் மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில், படத்தைப் பார்த்தபடி விரித்து நிமிர்த்தி வைத்திருந்தது – கல்யாணக் காட்.

“பாருங்கோ” என்று படத்திடம் சொன்னார் றெஜினா அக்கா. “பிள்ளை வந்திருக்கு.”

நான் முற்றத்துக்கு வந்துவிட்டேன். தேவாலய மணி அடித்தது. பூசைக்கு எல்லோரும் ஒன்றாகத்தான் போனார்கள்.

உங்களுக்கும் அப்படி ஒருவர் இருக்கிறாரா – போய்ப் பார்க்க வேண்டும், பார்க்க வேண்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கும் ஒருவர்? பேப்பரை மடித்து வைத்துவிட்டு இப்போதே புறப்படுங்கள். மற்றப் பக்கங்களை வந்து வாசிக்கலாம்.