சவுரிமுத்துவின் இடது கண்

பெருங்களத்தூர் ஏரிக்கரைப் பக்கம் நான்கு பிளாக் கொண்ட ஓர் அபார்ட்மென்ட் இருக்கிறது. அதன் வாட்ச்மேன் சவுரிமுத்துவுக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. இடது கண் சுத்தமாகத் தெரியாது. குரோம்பேட்டையில் லேத் பட்டறையில் இருந்தபோது இரும்புத் துகள் தெறித்துப் போன கண் அது. வெளியே பார்த்தால் நல்ல கண் மாதிரியே பளபளப்பாக இருக்கும். என்ன, அதற்கு முதலாளி கிடையாது. அதுபாட்டுக்கு ஓரமாகச் சாய்ந்து எதையாவது முறைத்துக்கொண்டிருக்கும். செக்யூரிட்டி ஏஜென்சிக்கு இது தெரியாது. வேலைக்கு எடுக்கும்போது உயரத்தை அளந்தார்கள், சல்யூட் அடிக்கச் சொன்னார்கள். கண்ணைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பின்தெருப் பையன்களான எங்களுக்குத் தெரியும். அபார்ட்மென்ட் நீச்சல் குளத்துக்கு அவருடைய இடது பக்கமாக நடந்து போனால் போதும், சுவரேற வேண்டியதில்லை. ஒருநாள் கோபு அவர் இடது தோளுக்குப் பக்கத்திலேயே நின்று நாக்கைத் துருத்திக் குத்தாட்டம் போட்டான். மனிதர் நிம்மதியாக டீ குடித்துக்கொண்டிருந்தார். பாதி கேட் எப்போதும் திறந்தே கிடப்பதால் அன்றைக்கு வைத்த பெயர்தான் ‘அரை கேட்டு’.

அசோசியேஷன் செகரட்டரி ஜீவானந்தத்தின் மகன் ஆல்வின் சொந்தமாக ஓர் ஆல்பம் பாட்டு எடுத்தான். பார்க்கிங்கில் ஒரு பெண் மழையில் ஆட வேண்டும். மழை, தண்ணீர் லாரியிலிருந்து வந்தது. ஆல்வின் சவுரிமுத்துவை கேட்டில் நிறுத்தினான்.

“அண்ணா, ரோட்டையே பாருங்க. ஒரு வண்டி உள்ள வரக் கூடாது.”

அவர் ரோட்டையே பார்த்தார், வலது கண்ணால். இடது கண் தன் வழக்கப்படி சாய்ந்து ஆடுகிற பெண் பக்கம் போய் நின்றுவிட்டது. கேமராவில் விழுந்ததோ இடது பக்க முகம் மட்டும்.

பாட்டு ஓடியது. சி பிளாக் சுப்ரஜா தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் விஸ்காம் படிக்கிறாள். ‘பார்வை’ என்று அவர்களுக்கு ஒரு தியரியாம், அதை ஏதாவதொரு வீடியோவில் பொருத்திக்காட்ட வேண்டுமாம். அவள் இந்தப் பாட்டை எடுத்துக்கொண்டு ரீல்ஸ் போட்டாள். “கேமரா குதிகால்ல ஆரம்பிக்குது, இடுப்புல நிக்குது, பல்லவி முடிஞ்சாத்தான் முகத்துக்கு வருது. கேமராவே இங்க ஒரு ஆம்பளையோட கண்ணு” என்றாள். நன்றாகவே பேசினாள். நாங்கள் இடுப்பைத் திரும்ப ஒருமுறை ஓட்டிப் பார்த்தோம், அவள் சொன்னது சரிதான்.

லிஃப்டில் ஜீவானந்தம் அவள் அப்பாவைப் பிடித்தார். “பொண்ணு பிரமாதமா பேசுது சார். ஆனா நம்ம பையன் கெரியர் பாருங்க.”

அன்று மாலையே ரீல்ஸ் காணாமல் போனது. தியரி மட்டும் மிச்சம் இருந்தது. அதைக் கல்லூரியில் கொடுத்தாக வேண்டுமே. இரண்டாவது ரீல்ஸில் சவுரிமுத்துவின் முகத்தைப் பெரிதாக்கி, சிவப்பு வட்டம் போட்டாள். பார்வை மூன்று என்றாள். கேமராவுடையது, பாட்டுக்குள் நிற்கிற ஆளுடையது, பார்க்கிற நம்முடையது. கேமராவை வேலையைவிட்டு நிறுத்த முடியாது. பாட்டைப் பார்த்த லட்சம் பேரையும் முடியாது. யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு நின்றது ஒரே ஓர் ஆள்.

இரண்டு நாளில் ஊரே காறித் துப்பியது. அவரை அனுப்பிவிடலாமா என்று முடிவு செய்ய ஞாயிற்றுக்கிழமை மீட்டிங் போட்டார்கள். முந்தின நாள் சாயங்காலம் நானும் கோபுவும் கேட்டுக்குப் போனோம்.

“அண்ணாத்தே, அந்தக் கண்ணு தெரியாதுன்னு சொல்லிடு. மேட்டர் ஓவர்.”

“உங்களுக்கு எப்புடிடா தெரியும்?”

“நாங்க எந்தப் பக்கமா உள்ள வர்றோம்னு நெனச்சிகினு கீற?” என்றான் கோபு.

கொஞ்ச நேரம் எங்களையே முறைத்தார், சரியான கண்ணால்.

“டேய், பொறுக்கின்னா நாலு திட்டு திட்டுவானுங்க. குருட்டு வாட்ச்மேன்னா நாளைக்கே அனுப்பிச்சுடுவானுங்க. இந்த வயசுல எவன்டா எனுக்கு வேலை குடுப்பான்? போங்கடா, தறுதலைங்களா.”

மீட்டிங்கை நாங்கள் கிளப் ஹவுஸ் ஜன்னலில் தொங்கியபடி பார்த்தோம். அவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“பார்த்தீங்களா இல்லையா?” என்றார் ஜீவானந்தம்.

“பார்த்தேன் சார். தப்புதான்.”

முன்வரிசையில் ஓர் அம்மாள் எழுந்தார். “அவ என்ன கலர் டிரெஸ் போட்டிருந்தான்னுகூட ஞாபகம் வெச்சிருப்பீங்களே?”

“மஞ்சள், மேடம்.”

“சீ!” என்றது அறை.

அந்தப் பெண் போட்டிருந்தது சிவப்பு. பாட்டு முழுக்கச் சிவப்பு. ஒருவருக்கும் உறைக்கவில்லை. அந்த வீடியோவைத் துண்டு துண்டாக நிறுத்திப் பார்த்த சுப்ரஜா மட்டும் சட்டென்று தலையைத் தூக்கினாள். அவரைப் பார்த்தாள், அந்தக் கண்ணைப் பார்த்தாள். வாய் லேசாகத் திறந்தது. அப்புறம் குனிந்து போனைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

உண்மையை ஒப்புக்கொண்டதால் வேலை தப்பியது. தண்டனை, ஒரு மன்னிப்பு வீடியோ. அதை சுப்ரஜாதான் எடுத்தாள். அவர் வலது கண்ணால் போனையே பார்த்து, “தாய்மார்கள் என்னை மன்னிக்கணும்” என்றார். இடது கண் நழுவி, பக்கத்தில் தரை கூட்டிக்கொண்டிருந்த பெண்ணிடம் போய் நின்றது. சுப்ரஜா இன்னொரு முறை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. ‘மன்னிப்புக் கேக்கும்போதும் கண்ணு எங்க மேயுது பாரு’ என்று யாரோ எழுத, அது பாட்டைவிட நன்றாக ஓடியது.

அவர் மனைவி ரோஸிக்கு அந்தக் கண்ணைப் பற்றியும் தெரியும், அதன் கதையும் தெரியும். இருந்தும் தெருக்குழாயில், எல்லார் முன்னாலும், “என்னை என்னைக்காச்சும் அப்புடிப் பாத்துகீறியாய்யா?” என்று கேட்டுவிட்டாள். குடத்தோடு நின்ற பெண்கள் சிரித்தார்கள். நாங்களும்தான். அவரும் சிரித்துவைத்தார்.

இப்போது பெண்கள் வந்தால் தரையைப் பார்க்கிறார். ஜீவானந்தம் வாட்ச்மேனை வாட்ச் பண்ண கேட்டுக்கு எதிரிலேயே கேமரா மாட்டியிருக்கிறார். இடது பக்கமாக ஒருவன் நுழைவது அதில் விழுந்தால் போதும், கண் தெரியாதது வெளியே வந்து வேலை போய்விடும், இத்தனை அவமானமும் வீண்.

அதனால் நாங்கள் வலது பக்கமாக வருகிறோம். செகரட்டரி வாக்கிங் போகிற நேரமாகப் பார்த்து, சத்தமாகச் செருப்பைத் தேய்த்துக்கொண்டு. முதல் நாள் கோபு போனான். லத்தியைச் செல்லமாகத்தான் போடுவார் என்று நினைத்திருந்தோம். தொடையில் விழுந்த அடியில் பயல் ஏரிக்கரை வரை ஓடினான்.

“பரவாயில்லையே, ஆளு ஷார்ப்பாத்தான் இருக்கார்” என்றார் ஜீவானந்தம்.

கோபுவுக்கு இன்னும் வீக்கம் வற்றவில்லை. இன்றைக்கு என் முறை. ஜீன்ஸுக்குள் இரண்டு லுங்கி சுற்றியிருக்கிறேன்.