பிறந்த வீட்டுத் தண்ணீர்ப் பத்தியம்

எங்கள் தெருவுக்குக் குழாய் வந்துவிட்டது. முதல் குடம் பிடித்த பக்கத்து வீட்டுப் பெண், "எளநி கணக்கா இருக்கு, குடிச்சுப் பாருங்க" என்று ஒரு டம்ளர் நீட்டினாள். தித்திப்பாகத்தான் இருந்தது. எனக்கென்னவோ உப்புத் தண்ணீர் ஞாபகம் வந்து தொலைத்தது. வயதானால் நாக்கும் சொன்ன பேச்சுக் கேட்பதில்லை.

அப்போது நான் காரைக்குடியில் பெண்கள் ஆஸ்பத்திரி ஒன்றில் புது நர்ஸ். ஆஸ்பத்திரி என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். வாடகை வீடு, நாலைந்து கட்டில், எங்கே திரும்பினாலும் அயோடின் வாடை. அது என் சேலையிலும் ஏறிவிட்டதால் பஸ்ஸில் பக்கத்தில் ஒருத்தரும் உட்கார மாட்டார்கள், சௌகரியமாகத்தான் இருந்தது. டாக்டரம்மா முன்கோபி. எங்களைத் திட்டாவிட்டால் அவருக்குக் காப்பி இறங்காது.

அரியக்குடியிலிருந்து சிவகாமி அடிக்கடி வருவாள். ஒரு தடவை கை வீங்கியிருக்கும், ஒரு தடவை நெற்றி பிளந்திருக்கும். அவளைக் கேட்டால் புருஷன் பதில் சொல்வான்: "கெணத்தடில வழுக்கி விழுந்துட்டா."

ஒருநாள் டாக்டரம்மா அவனை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தினார். அதற்குப் பிறகுதான் சிவகாமி வாய் திறந்தாள்.

"அடுத்த தடவ என்னையப் பொணமாத்தான் தூக்கிட்டு வருவாக. பொறந்த வீட்டுக்குப் போனா, காரணமில்லாம வந்தா ஊரு என்ன பேசும்னு அண்ணன் திருப்பி அனுப்பிருது."

காரணம்தானே வேண்டும்? டாக்டரம்மா அவளைக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு வெளியே போனார். "ரத்தம் கெட்டுக் கிடக்கு. பிறந்த வீட்டுத் தண்ணிதான் இவளுக்குப் பத்தியம். இல்லேன்னா மருந்து பிடிக்காது" என்றார் புருஷனிடம். அந்தக் காலத்தில் மருந்தை வாங்கிக் கொல்லையில் கொட்டுகிறவர்கள்கூடப் பத்தியத்தை மீற மாட்டார்கள்.

இரண்டு நாள் கழித்து வாசலில் அவனுடைய மாட்டுவண்டி. உள்ளே குடம் குடமாகத் தண்ணீர்!

"நெற்குப்பையில அவ பொறந்த வீட்டுக் கெணத்துலயே எறச்சுக் கொண்டாந்துட்டேன் டாக்டரம்மா. இனி அவள எதுக்கு அங்குட்டு அனுப்பணும்?"

சிவகாமி என் முந்தானையை இறுகப் பிடித்துக்கொண்டாள். டாக்டரம்மா ஒரு டம்ளர் மொண்டு, நிதானமாகக் குடித்து முடித்தார்.

"வண்டியில குலுங்கினா தண்ணியோட சத்துப் போயிடும்யா. இறைச்ச இடத்துலயே குடிக்கணும். இதே வண்டியில அவளை ஏத்து."

ஏற்றினான். கட்டுப் போடுகிற சாக்கில் நானும் ஏறிக்கொண்டேன். "வைத்தியம் முடியிற வரைக்கும் அனுப்பக் கூடாதாம்" என்று நெற்குப்பையில் நான் சொன்னதும் அவள் அண்ணன் முகம் தெளிந்ததைப் பார்க்க வேண்டுமே! பாவம், அவரும் ஊருக்குச் சொல்ல ஒரு காரணம் தேடிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். புருஷன் வந்து கேட்கும்போதெல்லாம், "ரத்தம் இன்னும் சுத்தமாகலை" என்பார் டாக்டரம்மா. கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய் வருவதை நிறுத்திவிட்டான்.

அப்புறம் சிவகாமி எங்களிடமே ஆயாவாக வேலைக்கு வந்தாள். வந்த அன்று ஒரு செம்பு நிறைய அந்தக் கிணற்றுத் தண்ணீர் கொண்டு வந்தாள். ஆசையாக வாயில் வைத்தேன். அப்பா, அத்தனை உப்பு! வாசலுக்கு ஓடித் துப்பினேன்.

"அன்னிக்கு எப்படி டாக்டரம்மா மூஞ்சியச் சுளிக்காம குடிச்சீக?" என்று சிவகாமி கேட்க, டாக்டரம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

ஆஸ்பத்திரி இருந்த இடத்தில் இப்போது ஜவுளிக்கடை. டாக்டரம்மா போய் வெகுகாலமாகிறது. கிணற்றையும் தூர்த்துவிட்டார்களாம். போன ஐப்பசியில் சிவகாமியும் போய்ச் சேர்ந்தாள். தலை பஞ்சாய் நரைத்து, தன் வீட்டில், தூக்கத்தில்.

"எப்படி இருக்கு?" என்றாள் பக்கத்து வீட்டுப் பெண்.

"உப்புப் பத்தலை" என்றேன்.